மாமியார்க் கூடு

பெட்ரா மியூடாவில் உயிரோடு நடமாடுகிற பலருக்கும் கல்லறையில் சொந்தமாக ஓர் இடம் உண்டு. கத்தாழை எந்திரம் கையைத் தின்றுவிட்டால், அது மிச்சம் வைத்ததைத் துணியில் சுற்றி, ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, குழந்தைகளைப் புதைக்கிற மூலையில் அடக்கம் பண்ணுவது ஊர் வழக்கம். கடைசி நாளில் எல்லாரும் எழுந்திருக்கும்போது கையைத் தேடிக்கொண்டு அலையக் கூடாது, பாருங்கள். சிலுவையில் பேர் எழுதுவார்கள், பிறந்த தேதி எழுதுவார்கள், இறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுப்பார்கள். கல்லறைத் திருநாள் அன்று கைக்குச் சொந்தக்காரனே மெழுகுவர்த்தியோடு வந்து நிற்பான். தீக்குச்சி கிழிக்க மட்டும் பக்கத்துக் கல்லறைக்காரனைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

கைக்கு ஆத்துமா கிடையாது, அதனால் மந்திரிக்க முடியாது என்று சாமியார் ஒருதடவை பிரசங்கத்திலேயே சொன்னார். "கை போனவன்கிட்ட வந்து சொல்லுங்க சாமி" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜில்வானின் வலது கை அந்த மூலைக்குப் போனது தவக்காலத்தில். போனபோது அது மூடிய கையாக இருந்தது. நார் சுற்றியிருந்தது. அவிழ்க்கப் பார்த்தார்கள், விரல்கள் விறைத்துவிட்டிருந்தன. மூடின கையைப் புதைத்தால் வலி விடாது, கூடாது கூடாது என்று கிழவிகள் சொல்லச் சொல்ல, வெயில் ஏறுகிறதே என்று அப்படியே புதைத்துவிட்டார்கள்.

அது நடந்து மூன்று மாதம் இருக்கும். அன்றைக்கு ஆனி மாதத்துத் தூறல். பாஹியாவின் அந்த வறண்ட காட்டில் மழை என்று சொல்லிக்கொள்ள வருஷத்தில் அது ஒன்றுதான். மண் நனையும், ஓடாது. ஜுரேமா மக்காச்சோளப் புட்டை ஆவியிலிருந்து இறக்கிக் கணவனுக்கு உதிர்த்து வைத்தாள். மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. ஜில்வான் இடது கையில் கரண்டியைப் பிடித்து இரண்டு வாய் தின்றிருப்பான். மேட்டுக்கு அந்தப் பக்கம் மோட்டார் இருமி, இன்னொரு தரம் இருமி, ஓடத் தொடங்கியது.

கரண்டியைக் கீழே வைத்தான்.

"போட்டுட்டான்."

"கேக்குது. நீ தின்னு."

"இறுக்குது, ஜுரேமா. நகம் உள்ளங்கைல ஏறுது."

அவள் முன்பெல்லாம் இதைக் கேட்டு அழுவாள். பிறகு திட்டினாள். இப்போது இரண்டுமில்லை. ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். முழங்கைக்குக் கீழே தையல் போட்டு முடிந்திருந்த இடத்தைத் தாண்டி, ஒன்றுமில்லாத காற்றில், உள்ளங்கை இருக்க வேண்டிய உயரத்தில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து அழுத்தினாள்.

"இங்கயா?"

"கொஞ்சம் கீழ."

"இப்ப?"

"ம்... சுண்டுவிரலப் பிடிச்சு நீவி விடு. அதுதான் ரொம்ப அடம் பிடிக்குது."

இல்லாத சுண்டுவிரலை அவள் நீவினாள். வெளியிலிருந்து யாராவது பார்த்தால் இருவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். அப்போதுதான் வெளியே ஜீப் வந்து நின்றது.

ஒசோரியோவிடம் கத்தாழை எந்திரம் ஒன்று, அதை ஓட்ட டீசல் மோட்டார் ஒன்று, தோல் தொப்பி ஒன்று இருந்தன. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் தன்னைத் தொழிலதிபர் என்று சொல்லிக்கொண்டார்; ஊரும் அவர் முன்னால் அப்படியே சொன்னது. ஜுரேமாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, உறவு மட்டும் அப்படியே இருந்தது. அங்கே குழந்தையைப் பெற்றவர்களும் ஞானத்தகப்பனும் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்ட வாயால் கூலித் தகராறு பேச முடியாது. அதில் உள்ள வசதி அதுதான்.

"கொமாத்ரே, நாட்டுக்கே ஒரு நெருக்கடி," என்றார் ஒசோரியோ, தொப்பியைக் கழற்றாமல்.

"என்ன கொம்பாத்ரே, எங்கயாச்சும் சண்டையா?"

"எந்திரத்துக்கு இலை ஊட்டுறவன் ஓடிட்டான். புதுசா வந்தவன். பக்கத்துத் தோட்டத்து எந்திரத்துக்குப் போயிட்டான், நன்றி கெட்டவன். இன்னைக்கு ஒரு வாய் சும்மா கெடக்கு. ஒரு பக்கம் தாமியான் மட்டும் ஊட்டுறான். ஒத்தக் கால்ல ஓடுற குதிரை மாதிரி இருக்கு எந்திரம்."

"காபி குடிங்க."

"குடிக்கிறேன். திங்கக்கிழமைல இருந்து நீ வந்து ஊட்டு, கொமாத்ரே. உனக்குத் தாளம் தெரியும். இத்தன வருஷமா பக்கத்துல நின்னு நார் சீவுனவ. சீவுறதுக்குக் குடுக்கிறதப் போல ரெட்டிப்பு."

ஜில்வான் சுவரைப் பார்த்தான். வீட்டில் பீன்ஸ் தீர்ந்து, மரவள்ளி மாவும் டப்பாவின் அடியில் தட்டுகிற சத்தம் ஜீப்பில் வந்தவருக்குக் கேட்டிருக்காது என்று சொல்ல முடியாது.

ஜுரேமா காபியை ஊற்றிக் கொடுத்தாள்.

"மாமியார மறுபடி மாட்டுங்க. வர்றேன்."

ஒசோரியோவுக்குக் காபி சுட்டது.

மாமியார் என்றால் இதுதான். அந்த எந்திரத்தின் வயிற்றில் ஒரு சக்கரம், சக்கரத்தில் மழுங்கல் கத்திகள், இரண்டு பக்கமும் இரண்டு வாய். ஊட்டுகிறவன் இலையின் நுனியை வாய்க்குள் விட வேண்டும். கத்தி சதையை உரிக்கும். வெளியே இழுத்துத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கத்தை விட வேண்டும். நாராகிவிட்ட பாதி வழுக்கும் என்பதால் அதைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார்கள். அப்பன் சுற்றினான், பிள்ளை சுற்றுவான். சுற்றாதவனை ஊட்டுறவன் என்று யாரும் மதிக்க மாட்டார்கள். சக்கரம் இலையைச் சட்டென்று இழுத்தால் நார் போகும். நாரோடு கை போகும்.

இதைத் தடுக்கத்தான் தலைநகரத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கூடு, மஞ்சள் பெயின்ட் அடித்தது. வாயில் வைத்து முடுக்கிவிட்டால், கம்பிகளுக்கு நடுவே இலை போகும், கை போகாது. உள்ளே ஒரு தொங்கு கம்பி வேறு. விரல் எல்லையைத் தாண்டினால் கணுவில் விழும், சரியான அடி. அதனால்தான் அந்தப் பேர். திறப்பு விழாவுக்குக் கவுன்சிலர் வந்து 'கரம் காக்கும் கருவி' என்று ஒரு பேர் வைத்து, ரிப்பனை வெட்டி, வெட்டிய கத்திரிக்கோலில் தன் கட்டைவிரலைக் கீறிக்கொண்டார். ஊரில் அன்றைக்கு நடந்த ஒரே விபத்து அது. போட்டோ எடுத்தார்கள். இரண்டு கூடு வந்திருந்தது. ஒன்றை, மாதிரிக்கு இருக்கட்டும் என்று கவுன்சிலரே தன் பண்ணைக்குக் கொண்டுபோனார். அங்கே அது எதற்கு மாதிரியாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று ஜில்வான் ஊட்டுகிற வாயில் கொஞ்ச காலம் இருந்தது. அதில் ஒரு குறை. இலையின் அடிப்பக்கம் முழுக்க உள்ளே போகாது, உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை நிற்கும். நார் வாங்க வருகிறவன் அதைத் தூக்கி எறிவான். அந்தப் பச்சையை உட்கார்ந்து கத்தியால் சீவுவது பெண்கள் வேலை. கத்தாழைச் சாறு பட்ட இடம் எரியும், பிறகு வெடிக்கும். ஒருநாள் சாயங்காலம், வெடித்த விரல்களை எண்ணெயில் தோய்த்துக்கொண்டு ஜுரேமாதான் சொன்னாள்: "கழட்டி எறிங்க அந்த மாமியார." மறுநாள் காலையில் ஜில்வான் கழற்றினான். ஒசோரியோ பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அதைக் கீலில் விரித்துப் பார்த்தார். சுத்தம் பண்ணுவதற்காக வைத்த கீல். விரித்துக் கனல் மேல் வைத்தால் பாதி ஆடு தாராளமாகப் படுக்கும்.

"கொமாத்ரே," என்றார் ஒசோரியோ இப்போது, காபியை ஊதிக்கொண்டே, "அது பழைய சாமான். துருப்பிடிச்சிருக்கும்."

"துரு எங்க இருந்து வரும்? வாரா வாரம் கொழுப்பு ஊத்துறீங்களே."

"அத மாட்டுனா தாமியான் ரெண்டு கட்டு ஊட்டுற நேரத்துல நீ ஒரு கட்டு ஊட்டுவ."

"ஒரு கட்டு ஊட்டுறேன். கை ரெண்டும் வீட்டுக்கு வரும்."

"அருளப்பர் திருநாள் முடியட்டும். பார்க்கலாம்."

அவர் 'பார்க்கலாம்' என்று சொன்னதை இதுவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஜீப் போனது. புழுதி எழவில்லை, தூறல் அமுக்கிவிட்டது.

"நீ போகாத," என்றான் ஜில்வான்.

"போகாம?"

"நான் இடது கையால சீவுறேன்."

"கத்திய எதால பிடிப்ப, நார எதால பிடிப்ப? வாயாலயா?"

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. ஜில்வான் சுவரைப் பார்த்தபடியே, "கழட்டச் சொன்னது நீ" என்றான். தவக்காலத்திலிருந்து வீட்டுக்குள்ளே சுற்றிக்கொண்டிருந்த பேச்சு அன்றைக்குத்தான் வாய்க்கு வந்தது.

"நான்தான் சொன்னேன். நீதான் கழட்டுன. அவருதான் ஆடு சுட்டாரு." புட்டுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "மூணு பேருக்கும் பங்கு இருக்கு ஜில்வான். கை மட்டும் ஒருத்தனோடது. அதனால நான் மாமியார் இல்லாம அந்த வாய்கிட்டப் போக மாட்டேன். நீயும் இப்படி இருந்து, நானும் கையில்லாம வந்து உக்காந்தா, யாரு யாருக்கு நீவி விடுறது?"

அவன் பாதிப் புட்டை அவள் பக்கம் ஒதுக்கினான். வீட்டில் வேறு மாவு இல்லை.

ஸ்நாபக அருளப்பர் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒசோரியோவின் முற்றத்தில் சொக்கப்பனைக்கு விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். வண்ணக் காகிதம் கட்டியிருந்தார்கள், தூறலில் சாயம் இறங்கி விருந்தாளிகளின் தோளில் சொட்டியது. சோளக் கஞ்சி, சோள இலையில் கட்டி அவித்தது, ஜெனிபாப்போ பழத்துச் சாராயம். அக்கார்டியன்காரனுக்கும் ஒரு கையில் இரண்டு விரல் கிடையாது. அந்தச் சுரம் வருகிற பாட்டுகளை அவன் வாசிப்பதில்லை. யாரும் கேட்பதுமில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆடு. முற்றத்து மூலையில் நாலு கல் மேல் மாமியார் விரிந்து கிடந்தது. பாதி ஆடு அதன் மேல் மல்லாந்திருந்தது. கொழுப்பு கனலில் விழுந்து சீறியது. ஓரத்துக் கம்பியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் பெயின்ட் மிச்சமிருந்தது.

ஜுரேமா பார்த்துக்கொண்டே நின்றாள். ஜில்வான் பக்கத்தில் நின்று, "வாசன நல்லாத்தான் இருக்கு" என்றான். பிறகு அப்படிச் சொன்னதற்காக அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கவுன்சிலர் வந்திருந்தார். வந்தால் பேசாமல் போகிற ஆளில்லை. கையில் தட்டோடு நாற்காலி மேல் ஏறினார்.

"உழைக்கும் கரங்களே!" என்று தொடங்கினார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது ஒருமையில் பொருந்தும் என்பதை அவர் கவனிக்கவில்லை. "இந்த மண்ணின் செல்வம் கத்தாழை அல்ல, கரம்! அந்தக் கரத்தைக் காக்க அன்றைக்கு ஒரு கருவி கொண்டுவந்தேன். அந்தக் கருவி இன்றைக்கும்..."

"இன்னைக்கும் உங்க முதுகுக்குப் பின்னால வேகுது, கவுன்சிலரே," என்றாள் ஜுரேமா.

அக்கார்டியன் நின்றது. கவுன்சிலர் நாற்காலி மேலேயே திரும்ப முயன்று, தட்டிலிருந்த குழம்பைத் தன் சட்டையில் ஊற்றிக்கொண்டு இறங்கினார். இறங்கியவர் கனலைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், மஞ்சள் பெயின்டைப் பார்த்தார். பிறகு மேகத்தைப் பார்த்து, "மழை வலுக்கும்போல இருக்கு" என்றார்.

ஜுரேமா இடுக்கியை எடுத்தாள்.

"கொமாத்ரே, என்ன பண்ற?"

"இறைச்சி வெந்துருச்சு கொம்பாத்ரே. இறக்குறேன்."

தொடையை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். விலாவை வைத்தாள். ஒரு துண்டைக்கூட மண்ணில் போடவில்லை. அவசரமும் படவில்லை. பிறகு சாக்கை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினாள்.

"விருந்தாளிங்க பாக்குறாங்க," என்றார் ஒசோரியோ தாழ்ந்த குரலில். "உன் மகளுக்கு நெத்தியில தண்ணி ஊத்துனப்போ மெழுகுவர்த்தி பிடிச்சவன் நான்."

"பிடிச்சீங்க. அந்தப் புள்ளையோட அப்பன் இப்ப மெழுகுவர்த்தி பிடிக்கணும்னா ஒரு கையாலதான் பிடிப்பான். நாளைக்கு இத மாட்டி நான் ஊட்ட வர்றேன். வேணாம்னா இப்பச் சொல்லுங்க, இத இங்கயே போட்டுட்டுப் போறேன். தொடைய மறுபடி மேல வையுங்க."

ஒசோரியோ சுற்றிலும் பார்த்தார். தாமியான் உட்பட எல்லாரும் தின்பதை நிறுத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை ஊட்டுவதற்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது கூட்டத்துக்கும் தெரியும்.

"நான் வேணாம்னு எப்ப சொன்னேன்?" என்றார் உரக்க. "நானே நாளைக்கு மாட்டலாம்னுதான் இருந்தேன்."

ஈரச்சாக்கைச் சுற்றி ஒரு முனையை ஜுரேமா தூக்கினாள். கனம். மறு முனை கனலிலேயே கிடந்தது. யாரும் அசையவில்லை. ஜில்வான் வந்தான். சட்டையின் காலிக் கையைப் பல்லால் கடித்து ஒதுக்கிக்கொண்டு, இடது கையில் சாக்கைச் சுற்றி மறு முனையைப் பிடித்தான். இரண்டு பேரும் நடுவில் புகைகிற இரும்போடு முற்றத்தைத் தாண்டிப் போனார்கள். பின்னால் யாரோ, "மாமியார வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறாங்கப்பா, பாயப் போடுங்க" என்றான். சிரிப்பு எழுந்தது. அக்கார்டியன் மறுபடி தொடங்கியது.

திங்கட்கிழமை காலையில் தூறல் இல்லை. திருகாணித் துளைகள் கொழுப்பில் அடைத்திருந்தன. ஜுரேமா கத்தாழை முள்ளால் குத்தி எடுத்தாள். கணவன் சொல்லச் சொல்ல முடுக்கினாள். அவனுடைய மொட்டைக் கை முன்னால் நீளும், திருப்புளி பிடிக்கப் போகும், நின்றுவிடும். எதிர்வாயில் தாமியான் புகைத்துக்கொண்டு நின்றான். முப்பது வயதைத் தாண்டியவன், ஊரிலேயே வேகமான கை என்று பேர் வாங்கியவன். அவன் வாயில் கூடு இல்லை.

"அக்கா, முதல் இலைல ஆட்டு வாடை வரும். நார் வாங்குறவன் மொளகா கேப்பான்."

"உனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்லு, கவுன்சிலர் பண்ணைல கெடக்காம்."

"எனக்கு எதுக்கு? என் கைக்குக் கண்ணு இருக்கு."

ஜில்வான் அதைக் கேட்டான். தவக்காலத்துக்கு முன்னால் அவனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான், அதே வார்த்தையில்.

ஸ்டூலைக் கொண்டுபோய் உம்பு மரத்தடியில் போட்டு உட்கார்ந்தான். மோட்டார் இருமி ஓடியது. அவன் முகம் கோணியதை ஜுரேமா பார்த்தாள். இன்றைக்கு நீவி விட அவள் கை காலியில்லை.

இலையை எடுத்தாள். நுனி உள்ளே போனது, எந்திரம் அலறியது, பச்சைச் சாறு முகத்தில் தெறித்தது. இழுத்தாள். திருப்பினாள். நாரைக் கையில் சுற்றவில்லை, அழுத்திப் பிடித்தாள். வழுக்கியது. அடிப்பக்கம் உள்ளே போய்க் கூட்டில் இடித்து நின்றது. உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை. பின்னால் சீவுகிற பெண்கள் முணுமுணுப்பது மோட்டார் சத்தத்தையும் தாண்டி முதுகில் பட்டது. "என் கட்ட நானே சாயங்காலம் சீவிக்கிறேன்" என்று திரும்பாமலே கத்தினாள். எதிரே தாமியானின் கட்டு உயர்ந்துகொண்டே போனது.

வெயில் ஏறியபோது தோள் கனத்தது. கனத்தால் கை யோசிக்காது. ஒரு தடித்த இலை, சக்கரம் அதைச் சட்டென்று வாங்கியது. விட வேண்டும் என்று தெரிவதற்குள் கை இலையோடு போனது. தொங்கு கம்பி கணுவில் விழுந்தது. விரல் நுனிகள் கம்பியில் போய் மோதி நின்றன. இலை மட்டும் உள்ளே போய்ச் சிதறியது.

அலறல் கேட்டது. அவளுடையது இல்லை. மரத்தடியில் ஜில்வான் இல்லாத கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுருண்டிருந்தான்.

ஒசோரியோ ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார். அந்த அமைதியில் எல்லாரும் வந்து சூழ்ந்தார்கள். ஜுரேமா கையைக் கம்பியிலிருந்து எடுத்து முன்னால் நீட்டினாள். கணுக்கள் சிவந்து வீங்கத் தொடங்கியிருந்தன. விரலெல்லாம் இருந்தன. விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். துணி எடுத்துவரப் பாதி தூரம் ஓடிய ஒருத்தி, துணியை என்ன பண்ணுவதென்று தெரியாமல் நின்றாள்.

ஒசோரியோ சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு தொப்பியைச் சரிசெய்தார். "பாத்தீங்களா? நான் மாட்டுன கருவி!"



ஜுரேமா மரத்தடிக்குப் போனாள். அடிபட்ட கையை அவன் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். அவன் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தான்.

"இருக்கு," என்றாள்.

"இருக்கு."

"உனக்கு விட்டுருச்சா?"

அவன் தலையாட்டினான், இல்லை என்று. "இன்னும் இறுக்கித்தான் இருக்கு. இப்ப ஜாஸ்தி." அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மோட்டாரப் போடலாமா?" என்று ஒசோரியோ கத்தினார். "நாளு போகுது!"

ஜுரேமா தன் வாய்க்குத் திரும்பினாள். ஜில்வான் எழுந்தான். ஸ்டூலை இடது கையில் தூக்கிக்கொண்டு, சாறும் சக்கையும் வழுக்குகிற தரையில் எந்திரத்தைச் சுற்றிப் போய், அந்தப் பக்கத்தில், தாமியானின் வலது தோளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தான்.

தாமியான் திரும்பினான். "என்னண்ணே, இங்க வந்துட்ட? பொண்டாட்டியப் பாத்துக்க வேணாமா?"

"அவளப் பாத்துக்க மாமியார் இருக்கு."

"எனக்கு ஒண்ணும் வேணாம், எந்திரி. பின்னால ஆளு இருந்தா எனக்குக் கை ஓடாது."

"மெதுவா ஓடட்டும்."

மோட்டார் ஓடியது. தாமியான் ஒரு இலையை விட்டு இழுத்துத் திருப்பினான். நாரைக் கையில் சுற்றப் போனவன், பிடரியில் மூச்சுப் படுகிறதைப் போல ஒருதரம் தோளைக் குலுக்கினான். சுற்றாமல் பிடித்துப் பார்த்தான். வழுக்கியது, இலை சாய்ந்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி, மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விட்டான்.

கூட்டின் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்று ஜுரேமா பார்த்தாள். ஜில்வானின் காலிச் சட்டைக்கை தாமியானின் முழங்கையைப் பிடித்து இழுக்கப் போவதுபோல முன்னால் போனது, இலை வெளியே வந்ததும் பின்னால் வந்தது, அடுத்த இலைக்கு மறுபடி போனது.